16 வருடமாகப் போகிறேன், இப்போது மனம் வரவில்லை

வாசகர் கடிதம்:

வணக்கம் மிஸ். எனக்கு 41 வயது. கொட்டாஞ்சேனையில் கணவர், மகன், அம்மாவோடு இருக்கிறேன். கோட்டையில் ஒரு ஏற்றுமதிக் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. 16 வருடமாக எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என்னோடு படிப்பித்த இரண்டு பேர் 2022க்குப் பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய வகுப்பும் என்னிடம் வந்தது. பாடகர் குழுவை ஒழுங்கு செய்வதும், எங்கள் வீதி அன்பியத்தின் (அயல் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழு) பொறுப்பும் எப்படியோ என் தலையில்தான்.

முன்பெல்லாம் ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும். இப்போது சனி இரவே வயிற்றைப் பிசைகிறது. இடாப்பில் 24 பிள்ளைகள், வருவது 9 பேர். மற்றவர்கள் டியூசனுக்குப் போய்விடுகிறார்கள். போன மாதம் செபத்தைப் பற்றிய பாடம். ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க செபிக்கேக்க கடவுள் பதில் சொல்லுவாரா?" என்று கேட்டாள். புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் நான் கோயிலுக்கு வெளியே செபித்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஃபாதரிடம் சொன்னால், "உங்களை நம்பித்தானே இருக்கிறேன், விட்டுடாதீங்க" என்கிறார். அம்மா, "கடவுள் தந்த ஊழியத்தை விட்டால் குடும்பத்துக்குக் கூடாது" என்கிறார். நான் வேஷம் போடுகிறேனா? அந்தப் பழைய ஆர்வத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

ஒரு மறைக்கல்வி ஆசிரியை, கொழும்பு 13

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புத் தங்கச்சி,

முதலில் அந்த வேஷக் கேள்வியை முடித்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது. வேஷம் போடுகிறவருக்கு அதனால் ஏதாவது கிடைக்க வேண்டும். பேர், பணம், திருவிழாவில் முன்வரிசைக் கதிரை, ஏதோ ஒன்று. உங்களுக்குக் கிடைப்பது வயிற்றுப் பிசைவு மட்டும்தான். நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மத்தேயு நற்செய்தியில் இரண்டு மகன்களின் கதை இருக்கிறதே. தோட்டத்துக்குப் போகச் சொன்னதும் ஒருவன் "போக மாட்டேன்" என்கிறான், பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் "போகிறேன் ஐயா" என்கிறான், போகவே இல்லை. போனவன் பாடிக்கொண்டு போனானா, முணுமுணுத்துக்கொண்டு போனானா என்று இயேசு சொல்லவில்லை. யார் போனான் என்றுதான் கேட்டார். ஆர்வம் இல்லாத நாளிலும் போய் நின்ற ஆளை வேஷக்காரி என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

சரி, அப்படியென்றால் இப்படியே தொடருங்கள் என்று சொல்லப் போகிறேன் என நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. மற்றவர்களின் வகுப்பு உங்களிடம் வந்தது. அன்பியம் எப்படியோ உங்கள் தலையில் விழுந்தது. ஃபாதர் நம்பியிருக்கிறார், அம்மா பயப்படுகிறார். இதில் எங்கேயும் நீங்கள் எதையும் தெரிவு செய்ததாக இல்லை. 16 வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை "சரி ஃபாதர், செய்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள். அதற்குப் பிறகு "இன்னமும் செய்ய விருப்பமா?" என்று உங்களை யாராவது கேட்டார்களா? 25 வயதில் சொன்ன சம்மதத்தை வைத்துக்கொண்டு 41 வயதுவரை ஓடியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது பழைய ஆர்வத்தை. அது திரும்பாது என்றுதான் நினைக்கிறேன். திரும்பவும் தேவையில்லை. இப்போதைய வயதில், இப்போதைய வீட்டு நிலைமையில், புதிதாக ஒரு தடவை ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் வாய்ப்புத்தான் உங்களுக்கு வேண்டும். "இல்லை" என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சொல்லப்படும் ஆமுக்கு உயிர் இருக்காது.

இது கத்தோலிக்கருக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. அறநெறிப் பாடசாலையில் படிப்பிப்பவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், மெதடிஸ்த சபையில் ஞாயிறு பாடசாலை நடத்துபவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் இதே கதையோடு என்னிடம் வருகிறார்கள். விடவும் மனமில்லை, செய்யவும் மனமில்லை. கொழும்பில் எந்தச் சமயத்து வழிபாட்டு இடத்தை எடுத்தாலும் நாலைந்து பேரின் தோளில்தான் எல்லாம் ஓடுகிறது. அந்த நாலைந்தில் இரண்டு பேர் விமானம் ஏறினால் மிச்சப் பேரின் நிலை உங்கள் நிலைதான். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன கதிரைகளில் பாதி அலுவலகத்தில் என்றால் மீதி கோயில் மண்டபங்களில்.

உங்கள் கிழமையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கோட்டையில் வேலை. மாதக் கடைசியில் கணக்கு மூடும் நாட்களில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை. வந்தால் மகனின் வீட்டுப்பாடம், அம்மாவின் மருந்து, சமையல். நடுவில் ஒரு மாலை அன்பியக் கூட்டம், இன்னொரு மாலை பாட்டுப் பயிற்சி. ஞாயிறு பூசை, வகுப்பு, அதன்மேல் இன்னொரு வகுப்பு. ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆளுக்கு மட்டும் ஏழாம் நாள் கிடையாது!

சேவை செய்பவர்கள் வெந்து வாடிப் போகும் இந்த நிலையை முதலில் 'பேர்ன்அவுட்' (burnout) என்று பெயர் வைத்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பர்கர் என்ற உளவியலாளர். 1974இல் எழுதினார். யாரைப் பார்த்து எழுதினார் தெரியுமா? பெரிய கம்பனி முகாமையாளர்களைப் பார்த்து அல்ல. நியூயோர்க்கில் ஏழைகளுக்காக நடந்த ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்த தொண்டர்களைப் பார்த்து. பகலில் தன் தொழில், இரவில் அந்த நிலையத்தில் தொண்டு என்று அவரும் அவர்களில் ஒருவர்தான். நல்ல நோக்கத்தோடு, முழு மனதோடு வந்தவர்கள்தான் முதலில் சோர்ந்து விழுந்தார்கள் என்பது அவர் கண்டது. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற ஆய்வாளர் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: ஒட்டக் களைத்துப் போவது, யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள்மேல் பற்று விட்டுப்போவது, செய்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தோன்றுவது. உங்கள் சனி இரவும், 24க்கு 9 என்ற கணக்கும் எனக்கு இவற்றைத்தான் நினைவூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றே வகைப்படுத்தியது. அதாவது ஆளை மட்டும் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது. வேலையின் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

எலியா இறைவாக்கினர் சூரைச் செடியின் கீழ்ப் படுத்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்ன இடத்தை நான் அடிக்கடி என்னிடம் வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். வானதூதர் வந்து அவருக்கு விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டார். தூதர் இரண்டாம் முறை வந்து மறுபடி சாப்பாடு கொடுத்தார். பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. நீங்கள் ஆர்வத்தைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு, மூன்று கிழமை ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனியுங்கள். கோயில் வேலையில் மட்டும்தான் மனம் வரவில்லையா, அல்லது பிடித்த சாப்பாடு, பிடித்த நாடகம், மகனோடு கதைப்பது என்று எதிலுமே மனம் ஒட்டவில்லையா? நித்திரை, பசி குழம்பிவிட்டதா? இவை இரண்டு கிழமைக்கு மேல் நாள்தோறும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வைத்தியரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் பிந்தவே வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எவ்வளவு தூரம்? உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்த 2019 ஏப்ரல் 21 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் எத்தனையோ பேர் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு கொழும்பில் ஞாயிறு காலையில் மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் எத்தனையோ ஆசிரியைகள், வாசலில் ஒரு தெரியாத ஆள் பையோடு நின்றால் பாடத்தை மறந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனி இரவு வயிற்றைப் பிசைவதில் இதற்குப் பங்கு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் அது ஆர்வக் குறைவே இல்லை, பயம். பயத்துக்கு வேறு மருந்து. யாரோடாவது உட்கார்ந்து, அந்த நாளைப் பற்றி முதலிலிருந்து கதைக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள்.

இனி ஃபாதரும் அம்மாவும் சொல்வதைப் பார்ப்போம். இருவரும் உங்கள்மேல் அன்பில்லாதவர்கள் இல்லை. ஆனால் இருவரும் உங்களை ஓட்டுவதற்குப் பயன்படுத்துவது ஒரே எரிபொருள், குற்ற உணர்வு. ரிச்சர்ட் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் 1993இல் கிறிஸ்தவர்களிடையே செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே செபம், ஒரே கோயில், ஒரே சேவை. ஆனால் "செய்யாவிட்டால் குற்றமாக இருக்கும், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்" என்பதற்காகச் செய்பவர்களுக்கும், "இது எனக்கு முக்கியம்" என்று தாங்களாக ஏற்றுச் செய்பவர்களுக்கும் மனநலத்தில் பெரிய வேறுபாடு தெரிந்தது. முதலாவது வகையில் பதற்றமும் மனச்சோர்வும் கூட, இரண்டாவது வகையில் மனம் நலமாக இருந்தது. பக்தி கூடக்குறைய என்ற கதை இல்லை இது. அது உங்களுடையதா, பிறர் உங்களுக்குள் போட்டதா என்பதுதான் கேள்வி. குற்ற உணர்வு ஆளைக் கோயில்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அதில் சந்தேகமில்லை. உள்ளே போன பிறகு பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வைக்க அதனால் முடியாது.

"நான் விட்டால் யார் செய்வார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1687இல் புனித யோசேப் வாஸ் கூலிக்காரன் வேஷத்தில் வந்திறங்கும்வரை ஏறக்குறைய முப்பது வருடம் இங்கே குருக்களே இல்லை என்று சொல்லலாம். அந்த இடைவெளியில் விசுவாசத்தைக் காப்பாற்றியது பொதுமக்கள்தான். வாஸ் வந்த பிறகும் தனி ஒருவராக நாடு முழுக்க நடக்க முடியாதென்று ஊருக்கு ஊர் ஆட்களை நியமித்தார். மூப்பர் ஒருவர் ஊர்ப் பொறுப்பைப் பார்ப்பார், அண்ணாவியார் ஒருவர் செபம் சொல்லி மறைக்கல்வி படிப்பிப்பார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நீங்களும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கக்கூடும். உங்கள் வேலை எங்கேயிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை. ஆனால் அதில் கவனியுங்கள், மூப்பர் வேறு, அண்ணாவியார் வேறு. நீங்கள் இன்று மூப்பர், அண்ணாவியார், பாட்டுக்காரர் எல்லாம் ஒன்றாக இருக்கிறீர்கள். வாஸ் சுவாமிகூட அப்படி யாரையும் வைக்கவில்லை. விடுதலைப் பயண நூலில் இத்திரோ தன் மருமகன் மோசே காலை முதல் மாலை வரை தனியாக இருந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு, "நீர் செய்வது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள்" என்று நேரே சொன்னார். நல்ல மாமனார். எங்கள் பங்குகளுக்கு ஆளுக்கொரு இத்திரோ தேவை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையில் ஒரு முறையான திருப்பணியாக ஏற்படுத்தியபோது, அதற்கு வருபவர்களுக்குத் தகுந்த உருவாக்கம் வேண்டும் என்றும் சொன்னார். உங்களுக்குக் கடைசியாக யார், எப்போது பயிற்சி தந்தார்கள்? 16 வருடமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா? ஃபாதரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிள்ளைகளின் கணக்குக்கு வருகிறேன். 15 பேர் டியூசனுக்குப் போவது உங்கள் பாடத்துக்குக் கிடைத்த மதிப்பெண் இல்லை. ஓ.எல் பரீட்சைப் பயம் ஒரு ஞாயிறு வகுப்பைவிடப் பெரிய சக்தி, அதோடு போட்டி போடாதீர்கள். வந்திருக்கும் 9 பேரைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் நிதிக்காகத் தொலைபேசியில் பணம் திரட்டும் ஆட்களை வைத்து ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் செய்த சோதனை ஒன்று 2007இல் வெளியானது. அலுப்பான வேலை, பலர் பாதியில் ஃபோனை வைத்துவிடுவார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை, அந்தப் பணத்தால் படித்த ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் கதைக்க விட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிரிவினர் ஃபோனில் செலவழித்த நேரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சம்பளம் கூட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த பங்கு மண்டபங்கள் எப்படி இருக்கும் என்றால், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு, நடுவில் அலுமாரிகளும் கரும்பலகைகளும்தான் சுவர். பக்கத்து வகுப்பு பத்துக் கட்டளையைச் சத்தமாக ஒப்புவிக்கும், மேலே மின்விசிறி கடகடக்கும், பின் வாங்கில் ஒருவன் பூசையிலிருந்து மிச்சம் வைத்த மாலு பணிஸை மேசைக்குக் கீழே வைத்துக் கடிப்பான். இதற்குள் நின்றுகொண்டு பாடப்புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எந்த முகமும் கண்ணில் படாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை உங்களைப் பார்த்து, கடவுள் பதில் சொல்வாரா என்று கேட்டிருக்கிறாள். பரீட்சைக்கு வரும் கேள்வி இல்லை அது. உங்களை நம்பிக் கேட்ட கேள்வி. 16 வருடத்தின் பலன் எங்கே என்று தேடினீர்களே, அந்த நம்பிக்கைதான்.

அவளுக்கு இன்னும் பதில் சொல்லலாம். "அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி, நான் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். எனக்குச் சில நாள் பதில் கிடைத்த மாதிரி இருக்கும், சில நாள் ஒன்றுமே கேட்காது. இப்போ கொஞ்ச நாளாக ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு எப்படி?" இவ்வளவு போதும். உங்கள் களைப்பு முழுவதையும் பிள்ளையின் தலையில் கொட்ட வேண்டாம். ஆனால் இந்த அளவு உண்மையைத் தாங்கும் வயதுதான் அது. நீங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால், அவள் சொல்லப்போவதில் உங்களுக்கும் ஏதாவது இருக்கலாம்.

செபம் வறண்டது பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், நான் குருவும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. ஒன்றிரண்டு மட்டும். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் இருந்த எவாகிரியுஸ் என்ற துறவி இந்த அலுப்பை "நண்பகல் பேய்" என்றே எழுதி வைத்திருக்கிறார். சூரியன் நகரவே மாட்டாது போலிருக்கும், துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பான், சக துறவிகளிடம் அன்பே இல்லை என்று தோன்றும், வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். வகுப்பில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது. இரவும் பகலும் செபிக்கப் போனவர்களுக்கே அது வந்தது. ஆகவே உங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானமாக இதை நினைக்காதீர்கள். அன்னை தெரேசா பல பத்து வருடங்கள் கடவுள் அருகில் இல்லாத இருளை அனுபவித்தார் என்பது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களால் உலகத்துக்குத் தெரிய வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. "அன்னை தெரேசாவே தாங்கினார், உனக்கு என்ன வந்தது" என்று களைத்த பெண்களின் வாயை அடைக்க இந்த உதாரணத்தை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். அவர் தன் இருளைப் பற்றிக் கதைக்க ஆன்மிக வழிகாட்டிகளை வைத்திருந்தார். நீங்களும் ஒருவரைத் தேடுங்கள். உங்கள் பங்கைச் சேராதவராக இருக்கட்டும், உங்களுக்கு வேலை தர முடியாதவராக இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. ஃபாதரோடு கதைக்கும்போது பூசை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் போகாதீர்கள். அந்த நேரத்தில் அவர் நாலு பேருக்கு நடுவில் "சரி சரி, பார்ப்போம்" என்பார், நீங்கள் ஒரு புது வேலையோடு வீட்டுக்கு வருவீர்கள். ஒரு வேலைநாள் மாலை, நேரம் கேட்டுக்கொண்டு பங்குமனைக்குப் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. களைப்பாக இருக்கிறது என்று தொடங்காதீர்கள், தொடங்கினால் அவர் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். முடிவோடு தொடங்குங்கள். "ஃபாதர், அன்பியப் பொறுப்பை வருகிற மாதத்தோடு விடுகிறேன். பாடகர் குழுவுக்கு இன்னொருவரைப் பாருங்கள், அவருக்கு ஒரு மாதம் பழக்கிக் கொடுக்கிறேன். என் சொந்த வகுப்பை மட்டும் இந்த வருடப் பரீட்சை முடியும்வரை எடுக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஓய்வு. அது முடிந்ததும் திரும்ப வருவதா இல்லையா என்று நானே வந்து சொல்கிறேன்."

அவர் கட்டாயம் "உங்களை நம்பித்தானே" என்பார். பங்கை நடத்துகிறவர், பாவம், வேறு என்ன சொல்வார். நீங்கள் "அதனால்தான் ஃபாதர், திடீரென்று நிற்காமல் முன்கூட்டியே சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழும்புங்கள். அனுமதி கேட்கப் போகவில்லை, அறிவிக்கப் போகிறீர்கள். மூன்று மாதம் முடிந்து நீங்கள் போய் "வகுப்பு மட்டும் எடுக்கிறேன், இரண்டு வருடத்துக்கு" என்றால் அது உங்கள் ஆம். "இனி வேண்டாம் ஃபாதர்" என்றால் அதுவும் உங்களுடையதுதான், அதனால் நீங்கள் குறைந்த கத்தோலிக்கர் ஆகிவிட மாட்டீர்கள். எதைச் சொன்னாலும் முடிவுத் திகதி வைத்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு விளக்கம் சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள். "குடும்பத்துக்குக் கூடாது" என்பதற்குப் பின்னால் அனேகமாக ஒரு பழைய சம்பவம் இருக்கும். யாரோ கோயிலை விட்டார்கள், பிறகு வீட்டில் ஏதோ நடந்தது. அது என்ன என்று ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள். கேட்டு முடியும்வரை மறுத்துப் பேசாதீர்கள். அப்புறம், "நான் கோயிலை விடவில்லை அம்மா, வேலையைக் குறைக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வு எடுக்கும் முதல் சில ஞாயிறுகளுக்கு மட்டும் குடும்பத்தோடு வேறு கோயிலில் பூசை காணுங்கள். கொழும்பில் கோயிலுக்கா பஞ்சம். உங்கள் பங்குக்கே போனீர்களென்றால், பூசை முடிய முன்னம் யாராவது வந்து மண்டபத்துச் சாவியை உங்கள் கையில் தந்துவிட்டுப் போய்விடுவார்கள்.